நிலையில் நின்ற தேர்

கோவை ராஜவீதியில் தேர்நிலைத் திடல் என்றோர் இடம் இருக்கிறது. நகைக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடிக்கும் அந்த வீதியில், ஆண்டு முழுவதும் தகரக் கொட்டகைக்குள் ஒடுங்கி நிற்கும் கோனியம்மன் தேர், மாசி மாதத்தில் ஒரே ஒரு நாள் புறப்பட்டு, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி என்று சுற்றி வந்து மீண்டும் அதே இடத்தில் நின்றுவிடும். தேர் திரும்பி வந்து சேர்ந்ததை 'நிலைக்கு வந்தது' என்று சொல்வது நம் வழக்கம். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில், ஓய்வில் இருக்கும் பொருளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும் விசைக்கு 'நிலை உராய்வு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேர்நிலையின் நிலையும் உராய்வின் நிலையும் ஒரே சொல்தான். ஒன்றை முன்வைத்து மற்றொன்றின் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

சிறு வயதில் நாங்கள் பார்த்த தேரோட்டங்களில் மனத்தில் தங்கியது அவிநாசித் தேர்தான். தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று அது. சித்திரை வெயிலில் வடம் பிடித்த கூட்டம் ஒரு முழக்கத்துடன் சாய்ந்து இழுக்கும். வடம் விறைக்கும். தேர் அசையாது. மறுபடி முழக்கம், மறுபடி இழுப்பு. பின்சக்கரத்துக்கு நெம்புகட்டை கொடுப்பார்கள். அப்போதும் அசையாது. பிறகு எதிர்பாராத ஒரு கணத்தில், மரம் முறிவது போன்ற ஓசையுடன், அந்த மலை நகரும். நகர்ந்தபின் அதை இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னாலேயே ஓடுகிறவர்களின் உயிர் அப்போது ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும். கூட்டத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர் சொன்ன சொல் இன்றும் காதில் இருக்கிறது. "வருசம் முச்சூடும் நின்ன தேரு கண்ணு. நின்னு நின்னு பூமியோட ஒட்டிக்கிச்சு. அது உட்டாத்தான் வரும்."

நின்றதால் ஒட்டிக்கொண்டது என்பது அவருடைய கருத்து. படித்தவர்களாகிய நாங்கள் பின்னாளில் இதை எண்ணிச் சிரித்ததுண்டு. நிலை உராய்வு எண் என்று ஒன்று உண்டு. அது இரண்டு பொருள்களின் தன்மையைப் பொறுத்தது. நேற்று நின்றதா, போன வருடம் நின்றதா என்பது அதில் எங்கே வருகிறது? பாடப்புத்தகத்தில் காலத்துக்கு இடமே இல்லை. ஆனால் முதியவர் சொன்னதில் பாதியை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார் என்பதும், மறுபாதிக்கு 2011ஆம் ஆண்டில் வலுவான சான்று கிடைத்தது என்பதும் வெகுநாள் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது. சிரித்தது எங்கள் பிழை.

உராய்வைப் பற்றிக் கைவினைஞர்களுக்கு இருந்த அறிவு மிகப் பழையது. நம்மூரில் மாட்டுவண்டிகள் ஓடிய காலம் வரை, வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அச்சில் இடுவதற்கான மசை அது. கரியும் எண்ணெயும் சேர்ந்து இரும்பு இரும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். அச்சு தேயும், முறியும் என்பதையும் முன்னோர் நன்கறிவர். தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், உப்பு வணிகர் வண்டியின் கீழே கட்டிச் செல்லும் மாற்று அச்சு ஓர் உவமையாகவே வந்துவிடுகிறது. உப்பு வண்டியின் மாற்று அச்சை அரசனுக்கு உவமையாக்கும் துணிவு அக்காலப் புலவர்க்கு இருந்தது. அதை வேறொரு சமயம் பேசலாம்.

எண்ணாக எழுதிவைத்தவர்களில் முதல்வர் லியொனார்டோ டாவின்சி. 1490களில் அவர் குறிப்பேடுகளில் கட்டைகளை இழுக்கும் படங்கள் வரைந்து, எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும் என்றும், கட்டையைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் உராய்வு மாறாது என்றும் எழுதினார். அவை அச்சேறாமலே கிடந்தன. 1699இல் கியோம் அமொந்தோன் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அதே விதிகளை மறுபடி கண்டுபிடித்துச் சொன்னார். தொடும் பரப்பு பெரிதானாலும் சிறிதானாலும் உராய்வு ஒன்றே என்ற விதியைக் கழகத்தார் எளிதில் நம்பவில்லை. இன்று கேட்டாலும் நம்பக் கடினமானதுதான். அகலமான சக்கரம் அதிகமாகப் பிடிக்கும் என்றுதானே நமக்குத் தோன்றுகிறது?

நம் கதைக்கு வேண்டியவர் ஷார்ல் அகுஸ்தென் கூலோம். மின்விசை விதியால் இன்று அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அடிப்படையில் அவர் ராணுவப் பொறியாளர். ரோஷ்போர் கப்பல் கட்டும் துறையில் இருந்தபோது உராய்வைப் பற்றி அவர் செய்த சோதனைகளுக்கு 1781இல் அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. 1785இல் நூலாக வந்தது. கப்பல் துறைக்கும் உராய்வுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் ஒரு தேரை நினைத்துக்கொண்டால் போதும். மாதக்கணக்கில் சாய்தளத்தில் நின்று கட்டப்பட்ட கப்பல், ஒரு நாள் தண்ணீரில் இறங்க வேண்டும். கயிறு, கப்பி, மரச் சறுக்கு, கொழுப்புப் பூச்சு என்று கப்பல் துறையின் சிக்கல்கள் அனைத்தும் ஏறத்தாழ நம் தேர்த்தச்சரின் சிக்கல்களே. கூலோம் ஓக் மரப் பலகையின் மேல் ஓக் மரக் கட்டையை வைத்து, சற்று நேரம் விட்டு, எவ்வளவு எடை இழுத்தால் கட்டை கிளம்புகிறது என்று பார்த்தார். பிறகு கூடுதல் நேரம் விட்டுப் பார்த்தார். பிறகு மணிக்கணக்கில். நேரம் கூடக் கூட, கிளம்புவதற்கு வேண்டிய விசையும் கூடிக்கொண்டே போயிற்று. முதலில் விரைவாகவும் பிறகு மெல்லவும் கூடியது. உலோகத்தின் மேல் உலோகத்தை வைத்தபோது இந்த வளர்ச்சி அவர் கண்ணுக்குப் படவில்லை. ஆகவே மரத்தின் மேற்பரப்பில் தூரிகை மயிர் போன்ற இழைகள் இருப்பதாகவும், நேரம் செல்லச் செல்ல அவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்வதாகவும் அவர் கற்பனை செய்தார்.

இதற்கு நேர் எதிரான கற்பனையும் அந்த நூற்றாண்டிலேயே இருந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் தியொஃபிலஸ் தெசாகுலியே, இரண்டு ஈயக் குண்டுகளின் முகத்தைச் செதுக்கி வழவழப்பாக்கி ஒன்றோடொன்று அழுத்தித் திருகினால் அவை ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். சொரசொரப்பு கோத்துக்கொள்வதே உராய்வு என்றால், வழவழப்பான ஈயம் ஏன் ஒட்ட வேண்டும்? பின்னிக்கொள்வதா, ஒட்டிக்கொள்வதா என்ற இந்த வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அவிநாசி முதியவர் தம்மையறியாமல் தெசாகுலியே கட்சியில் இருந்தார்.

வழக்கைப் புதிய இடத்துக்கு நகர்த்தியவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌடனும் டேபரும். 1930களின் இறுதியிலிருந்து அவர்கள் செய்த ஆய்வுகள் 1950இல் நூலாகத் திரண்டன. அவர்கள் சொன்னதை நம் சொல்லில் இப்படிச் சொல்லலாம். ஒரு பலாப்பழத்தின் மேல் இன்னொரு பலாப்பழத்தை வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் நன்றாகப் பதிந்து உட்கார்ந்திருக்கும். உண்மையில் தொடுவன சில முள்நுனிகள் மட்டுமே. கண்ணாடி போல் இழைத்த உலோகமும் நுண்ணோக்கியின் கீழ் பலாத்தோல்தான். மேலே வைத்த எடை முழுவதையும் அந்தச் சில நுனிகளே தாங்குவதால், அவை நசுங்கிப் பரவுகின்றன. தாங்கும் அளவுக்குப் பரவியதும் நிற்கின்றன. எடை இரட்டித்தால் உண்மையில் தொடும் பரப்பும் இரட்டிக்கிறது. கட்டையைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் எடை ஒன்றே என்பதால், உண்மைப் பரப்பும் ஒன்றே. லியொனார்டோவின் புதிர் அங்கே அவிழ்ந்தது. காலத்துக்கும் இதில் ஓர் இடம் கிடைத்தது. நசுங்கிய நுனி நின்ற இடத்திலேயே இம்மி இம்மியாக இன்னும் பரவிக்கொண்டிருக்கும். ஆகவே நேரம் செல்லச் செல்லப் பிடிப்பு கூடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் மரமும் உலோகமும். கதை பாறைக்கு வரும்போது அது நம் ஊருக்கு வருகிறது.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் விடியுமுன், கோயம்புத்தூர் உறங்கிக்கொண்டிருந்தபோது, பூமி குலுங்கியது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்ட நிலநடுக்கம் அது. அதன் மையத்தைப் பாலக்காட்டுக் கணவாயில், ஏறக்குறைய இன்றைய வாளையாறு எல்லைப் பக்கத்தில் குறிக்கிறார்கள்; அளவை 6 ரிக்டரை ஒட்டியதாக மதிப்பிடுகிறார்கள். உணரப்பட்ட பரப்பையும் சேதத்தையும் வைத்துப் பின்னால் கணித்த எண்கள்தாம் இவை. அன்றைய கோவை, 1901 கணக்கெடுப்பின்படி 53,080 பேர் வாழ்ந்த சிற்றூர். ராபர்ட் ஸ்டேன்ஸின் நூற்பாலை எழுந்து 12 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. பைகாரா மின்சாரம் வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஓட்டு வீடுகளும் மண் வீடுகளுமான ஊர் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு, பின்னர் மறந்தும் போய்விட்டது. நம் பாட்டிமார் கதைகளில் தாது வருடப் பஞ்சம் இருக்கிறது, பிளேக் இருக்கிறது, நிலநடுக்கம் இல்லை. கோவை வரலாறு பேசும் நூல்களிலும் அது ஒரு வரியைத் தாண்டுவது அரிது. இது நியாயமான மறதி அன்று.

நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு சொல் உண்டு: கொங்கு நாடு பாறை நாடு, அசையாது. பாறை நாடு என்பது உண்மை. பாலக்காட்டிலிருந்து காவிரி வரை நீளும் தொன்மையான பிளவு மண்டலம் ஒன்றின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது நிலத்துண்டுகள் மோதி நெரிந்து தைக்கப்பட்ட தையல் அது. நொய்யல் ஓடுவதும், கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் நம் துணிகளைக் கொடியிலிருந்து பறித்துக்கொண்டு போவதும் அந்தத் தையலின் வழியேதான். தைத்த இடம் காலத்தால் இறுகிவிட்டது. ஆனால் இறுகியது அசையாதா என்பதே கேள்வி.

நிலநடுக்கம் என்பது ஒட்டுதலும் வழுக்கலும் மாறி மாறி நிகழ்வதே என்று 1966இல் பிரேஸும் பையர்லீயும் முன்வைத்தனர். பழைய பிளவின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தொலைவிலிருந்து வரும் விசை மெல்ல மெல்லச் சேர்கிறது. பிடிப்பைவிட விசை கூடிய கணத்தில் வழுக்குகிறது. வடம் விறைத்து, தேர் நின்று, பிறகு சட்டென்று கிளம்பும் அதே கதை. வேறுபாடு, இங்கே வடம் பிடித்திருப்பது கண்டத்தட்டு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1972இல், அமெரிக்க நில அளவைத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் டீட்ரிக், கிரானைட், மணற்கல் போன்ற பாறைகளை ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி வைத்து, வெவ்வேறு நேரம் காத்திருந்து, பிறகு நகர்த்திப் பார்த்தார். கூலோம் ஓக் மரத்தில் கண்டதைப் பாறையில் அவர் கண்டார். அந்த வளர்ச்சிக்கு ஒரு திட்டமான வடிவமும் இருந்தது. காலத்தின் மடக்கையைப் பின்பற்றி அது வளர்ந்தது.

மடக்கை என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கிய வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடக் கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை நின்றதில் எவ்வளவு வலு கூடியதோ, அதே அளவு மறுபடி கூட நூறு நிமிடம் வரை நிற்க வேண்டும். அடுத்த அதே அளவுக்கு ஆயிரம் நிமிடம் வரை. அவ்வளவுதான் மடக்கை. இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் வியப்பான ஒரு கணக்கு வருகிறது. தொட்ட முதல் விநாடி முதல் முதல் நாள் முடியும்வரை ஒரு தொடுகை பெறும் வலுவும், அதன் பிறகு ஆயிரம் ஆண்டுகள் நின்று பெறும் வலுவும் ஏறக்குறைய சமம். நேற்று நிலைக்கு வந்த தேரும் நூறாண்டு ஓடாமல் நின்ற தேரும் இந்த ஒரு கணக்கில் நாம் நினைக்கும் அளவுக்கு வேறுபட்டவை அல்ல. இதற்குத் தொடுகை மூப்பு என்று பெயர் வைக்கலாம். மனித மூப்பைப் போலன்றி, இது வலுவைக் கூட்டும் மூப்பு. ஆனால் மிக மிகச் சோம்பலாகக் கூட்டும். பத்து மடங்கு நேரத்துக்கு உராய்வு எண்ணில் நூற்றில் ஒன்று, ஒன்றரை என்ற அளவிலேயே கூடும்.

இவ்விடத்தில் தேருக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவிநாசித் தேர் கிளம்ப மறுப்பதற்குத் தொடுகை மூப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. அவ்வளவு எடையில் சக்கரம் மண்ணிலோ தாரிலோ சிறு பள்ளம் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து மேடேற வேண்டும். அச்சில் இட்ட எண்ணெய் உலர்ந்து பிசின் போலாகியிருக்கும். மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் நுண்ணிய மூப்பின் பங்கு சிறிது. இருந்தாலும் அந்தச் சிறு பங்குதான், வேறெதுவும் குறுக்கிடாத ஆழ்நிலத்தில், முதன்மையான ஒன்றாகிவிடுகிறது.

1994இல் டீட்ரிக்கும் கில்கோரும் ஒளிபுகும் பொருள்களை, கண்ணாடி, குவார்ட்ஸ் முதலியவற்றை, ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி, நுண்ணோக்கி வழியே தொடுபுள்ளிகளை நேரடியாகவே பார்த்தார்கள். அவை வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்தன. நேரம் செல்லச் செல்ல அப்புள்ளிகள் பரந்தன, அதுவும் மடக்கைப்படி. நசுங்கிப் பரவுவதே மூப்பு என்ற கட்சி வென்றுவிட்டதாகத் தோன்றியது. ஆனால் உறுத்தலாக ஒன்று மிஞ்சியது. பத்து ஆண்டுகளுக்கு முன், 1984இல், அதே டீட்ரிக் கான்ராட் என்பவருடன் செய்த சோதனையில், ஈரத்தை அறவே நீக்கிய உலர்ந்த சூழலில் பாறையின் மூப்பு ஏறத்தாழ மறைந்துபோயிருந்தது. நசுங்குவதுதான் காரணம் என்றால் காற்றின் ஈரத்துக்கு அங்கே என்ன வேலை? பரப்பு கூடுகிறதா, அல்லது அதே பரப்பில் பிணைப்பு இறுகுகிறதா? இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கக் கூடியவை. ஆயிரக்கணக்கான முள்நுனிகள் ஒன்றாகத் தொடும் இடத்தில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க வழியில்லை.

பிரிக்க வேண்டுமானால் ஒரே ஒரு முள்நுனி வேண்டும். அந்த நுனியை உருவாக்கித் தந்தது அணுவிசை நுண்ணோக்கி. 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் அறிமுகப்படுத்திய அக்கருவியின் இதயம், மிகச் சிறிய நெம்புதடி ஒன்றின் முனையில் பொருத்திய கூர்நுனி. அதன் முனை வட்டத்தை நானோமீட்டர்களில்தான் அளக்க வேண்டும். ஒரு மீட்டரை நூறு கோடியாக வகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். நுனி ஒரு பரப்பின் மேல் ஊர்ந்து செல்லும்போது தடி எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுக்குகிறது என்பதை லேசர் ஒளியால் படித்துக்கொள்ளலாம். கருவி வந்த அடுத்த ஆண்டே, 1987இல், கலிபோர்னியாவில் மேட்டும் அவருடைய தோழர்களும் கிராஃபைட்டின் மேல் டங்ஸ்டன் நுனியை இழுத்து, உராய்வு அணுவுக்கு அணு ஏறி இறங்குவதைக் கண்டார்கள்.

நம் வழக்கில் முதன்மைச் சாட்சி 2011இல் வந்தது. சுன்யாங் லி, டெர்ரி டல்லிஸ், டேவிட் கோல்ட்ஸ்பி, ராபர்ட் கார்ப்பிக் ஆகியோரின் ஆய்வு அது. நால்வரில் இருவர் பாறை அறிஞர்கள், இருவர் நானோ உராய்வு அறிஞர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிலிக்கா நுனி ஒன்றைச் சிலிக்கா பரப்பின் மேல் வைத்து, சில நொடிகள் முதல் சில பத்து நொடிகள் வரை காத்திருந்து இழுத்தார்கள். எடை மிகக் குறைவு. ஆகவே நுனி நசுங்கிப் பரவுவதற்கு அநேகமாக இடமே இல்லை. ஆயினும் நிலை உராய்வு காலத்தின் மடக்கைப்படி வளர்ந்தது. பிறகு அதே நுனியை, வேதியியல் வகையில் ஒட்டாத பரப்புகளின் மேல், கிராஃபைட்டின் மேலும் ஹைட்ரஜன் போர்த்திய வைரத்தின் மேலும் வைத்துப் பார்த்தார்கள். மூப்பு ஏறத்தாழ இல்லை. நசுங்குவது காரணமாக இருந்திருந்தால் அங்கும் மூத்திருக்க வேண்டும். ஆக, குறைந்தது சிலிக்காவில், தொடுகை மூப்பு என்பது பரவுவது மட்டுமன்று, ஒட்டிக்கொள்வதும்கூட.

எப்படி ஒட்டுகிறது? சிலிக்காவின் மேற்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொம்புகள் முளைத்திருக்கும். காற்றின் ஈரம் தந்தவை அவை. எதிரெதிர்ப் பரப்புகளின் கொம்புகள் இரண்டு சரியான கோணத்தில் சந்தித்தால், நீர் மூலக்கூறு ஒன்றை வெளியேற்றிவிட்டு, சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் என்ற பாலத்தைக் கட்டிக்கொள்ளும். கண்ணாடிக்கும் குவார்ட்ஸுக்கும் வலுத்தரும் பிணைப்பு அதே பிணைப்புதான். ஏன் மடக்கைப்படி? கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளலாம். முன்பே பழகியவர்கள் நுழைந்த நிமிடமே பேசத் தொடங்கிவிடுவார்கள். தூரத்து உறவினர் சற்றுநேரம் கழித்து, இன்னார் மகன் என்று விசாரித்துப் பேசுவார்கள். அறவே அறியாதவர்கள் பந்தி முடிந்து தாம்பூலம் வாங்கும் நேரத்தில்தான் வாய் திறப்பார்கள். எளிதில் கூடும் பிணைப்புகள் முதலிலேயே தீர்ந்துவிடுகின்றன. எஞ்சியவை ஒவ்வொன்றும் மேலும் மேலும் தடை கடக்க வேண்டியவை. வேகம் குறைந்துகொண்டே போகும், ஆனால் நிற்காது.

ஒரு முரண் இருந்தது. தனி நுனியில் கண்ட மூப்பு, பாறைகளில் கண்டதைவிடப் பல மடங்கு பெரிது. ஒற்றை முள்நுனி இவ்வளவு வலுவாக மூக்கும் என்றால், ஆயிரம் முள்நுனிகள் சேர்ந்த பாறை ஏன் நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் மூக்கிறது? இதற்கு அவர்கள் தந்த விளக்கத்தை வடம் இழுத்த எவரும் ஒப்புக்கொள்வர். வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை. முன்னால் நிற்பவர் இழுத்து ஓய்ந்தபின் பின்னால் நிற்பவர் இழுக்கத் தொடங்குகிறார். ஆயிரம் பேரின் வலு ஒருபோதும் ஒன்றாகக் கூடுவதில்லை. தொடுபுள்ளிகளும் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக விடுகின்றன. கடைசிப் புள்ளி விடும்போது முதலில் விட்டது முன்பே வழுக்கிச் சென்று புதிய இடத்தில் புதிய இளந்தொடுகையாகிவிட்டிருக்கும். தனி நுனியின் பெரும் மூப்பு கூட்டத்தில் கரைந்துபோகிறது. எடையைக் கூட்டினால் தனி நுனியின் மூப்பு எப்படி மாறுகிறது என்பதை 2017இல் அளந்திருக்கிறார்கள். ஒரு நுனியிலிருந்து ஒரு பாறைக்கும், பாறையிலிருந்து பல கிலோமீட்டர் நீளும் பிளவுக்கும் கணக்கை ஏற்றிச் செல்லும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நம் வீட்டுக் கிரைண்டரின் கல்லிலும் இதே குவார்ட்ஸ்தான் இருக்கிறது. 1955இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கி, 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டரின் கற்கள் ஊத்துக்குளிப் பக்கத்துக் கிரானைட். அங்கே மாவும் நீரும் நடுவில் புகுந்து கல்லைக் கல் தொடவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. தொட்டாலும் மூக்க நேரம் தராமல் கல் சுழன்றுகொண்டே இருக்கிறது. நூற்பாலையில் ரிங்கின் மேல் விநாடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் டிராவலருக்கும் இதே அதிர்ஷ்டம். ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் மூப்பதில்லை. மின்வெட்டில் நின்ற ரிங் பிரேம் மறுபடி கிளம்பும்போது நூல் அதிகம் அறுபடும் என்பது ஆலைத் தொழிலாளர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு வேறு காரணங்கள் பல உண்டு என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாறைக்குத் திரும்புவோம். கொங்கு நிலத்தின் அடியில் இருப்பது குவார்ட்ஸ் செறிந்த பாறை. ஆழத்தில் நீரும் உண்டு. மூப்புக்கு வேண்டிய இரண்டும் கைவசம் இருக்கின்றன. இவற்றோடு, வெந்நீரில் கரைந்த தாதுக்கள் பிளவில் படிந்து இறுகுவதும் சேர்ந்துகொள்கிறது. ஆக, நீண்ட காலம் நின்ற பிளவு உண்மையிலேயே வலுவானது. ஆனால் அந்த வலுவின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு இறுகப் பிடித்ததோ அவ்வளவு விசையைச் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கும். விடும்போது அவ்வளவையும் கொட்டும். அடிக்கடி வழுக்கும் பிளவுகளைவிட, நெடுங்காலத்துக்கு ஒருமுறை வழுக்கும் பிளவுகள் தம் அளவுக்கு மிஞ்சிய அதிர்வைத் தருகின்றன என்று 1980களிலேயே நிலநடுக்க ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தக்காணப் பீடபூமி அசையாது என்ற நம்பிக்கை 1967இல் கொய்னாவிலும் 1993 செப்டம்பர் 30 அன்று கில்லாரியிலும் பொய்த்தது. கில்லாரியில் 8,000 முதல் 10,000 பேர் வரை மாண்டனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை கனத்த கல்சுவர் வீடுகள். அந்த ஊர்க்காரர்களும் தம் நிலத்தைப் பாறை நிலம் என்றே நினைத்திருந்தார்கள்.

2002இல் வெளியான நிலநடுக்க மண்டல வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலத்தில், மிதமான ஆபத்துள்ள பகுதியில் வைக்கப்பட்டது. 1900இல் 53,000 பேர் ஓட்டு வீடுகளில் உறங்கிய ஊர், 2011 கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அன்று விடியுமுன் குலுங்கிய அதே அளவில் இன்று குலுங்கினால், தூண்களின் மேல் தரைத்தளத்தை வாகனங்களுக்குத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் என்னாகும் என்பதைப் பொறியாளர்கள் நன்கறிவர். தூணுக்குள் கம்பியை எத்தனை நெருக்கமாக வளையமிட்டுக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் விதிநூலில் எழுதியே இருக்கிறது. வீடு கட்டும் நம் நண்பர்களிடம் கேட்டால் வாஸ்துவைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறார்கள். வளையக் கம்பியைப் பற்றிக் கேட்டால் மேஸ்திரியைக் கைகாட்டுகிறார்கள்.

சென்ற மாசியில் ராஜவீதிக்குப் போயிருந்தோம். தேர் சுற்றி வந்து திடலில் நின்றதும், நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்தார்கள். வடத்தைச் சுருட்டும் வேலையில் நான்கைந்து இளைஞர்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் சக்கரத்தின் அடியில் குனிந்து, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தேர் நின்று அப்போது ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கொட்டகையின் தகரங்களை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார்கள்.